ரோபோ வேக்குவம் வாங்கும் முன்... ஒரு கைக்குட்டையை வைத்து உலகத்தைச் சுத்தம் செய்த ஹ்யூபர்ட் பூத்தைத் தெரியுமா?

ஆன்லைனில் தள்ளுபடி விற்பனை தொடங்கினாலே போதும், ரோபோ வேக்குவம் விளம்பரம் வரிசை கட்டி வந்துவிடும். பெருக்கும், துடைக்கும், தானே போய் சார்ஜ் ஏறிக்கொள்ளும் என்கிறார்கள். பக்கத்திலேயே '10,000 பாஸ்கல்' என்று பெரிய எழுத்தில் ஒரு எண். விலையோ ஒரு நல்ல ஸ்மார்ட்போனுக்குச் சமம். வாங்கலாமா வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு விடை தேட ஒரு இங்கிலாந்துப் பொறியாளரின் கதை உதவும். ஒரு சுத்தம் செய்யும் இயந்திரத்தை எப்படி மதிப்பிடுவது என்பதை 1901-லேயே செய்து காட்டியவர் அவர். கையில் இருந்த கருவி ஒரே ஒரு கைக்குட்டைதான்.

யார் இந்த ஹ்யூபர்ட் செசில் பூத்?

1871 ஜூலை 4 அன்று இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் பிறந்தவர் ஹ்யூபர்ட் செசில் பூத். லண்டனில் பொறியியல் படித்துவிட்டு, மாட்ஸ்லே என்ற புகழ்பெற்ற இயந்திர நிறுவனத்தில் வரைபடப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவர் கைக்கு வந்தவை போர்க்கப்பல் எஞ்சின்கள், பாலங்கள் போன்ற பெரிய வேலைகள்.

அந்தக் காலத்தில் ஐரோப்பிய நகரங்களுக்கு ராட்சத ராட்டினங்கள் மீது ஒரு மோகம். பிளாக்பூல், பாரிஸ், வியன்னா ஆகிய ஊர்களில் எழுந்த ராட்டினங்களின் வேலையில் பூத்துக்கு முக்கியப் பங்கு இருந்தது. 1897-ல் திறக்கப்பட்ட வியன்னா ராட்டினம் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. உயரம் சுமார் 65 மீட்டர்.

ஆக, வீட்டுத் தூசிக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பிறகு எப்படி?

1901: அரங்கில் கிளம்பிய புழுதி

அந்த ஆண்டு லண்டனின் எம்பயர் மியூசிக் ஹாலில் ஒரு செயல்விளக்கம் நடந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர், கம்பளத்தைச் சுத்தம் செய்யும் புது இயந்திரத்தைக் காட்டினார். அழுத்தமான காற்றை இரண்டு பக்கமிருந்தும் கம்பளத்துக்குள் ஊதுவதுதான் அதன் வேலை. கிளம்பும் தூசி மேலே இருக்கும் பெட்டிக்குள் போய்விடும் என்பது எதிர்பார்ப்பு.

நடந்தது வேறு. கொஞ்சம் தூசி பெட்டிக்குள் போனது. மீதி அறை முழுக்கப் பறந்து, திரும்பவும் கம்பளத்திலேயே வந்து உட்கார்ந்தது. நம்ம வீட்டில் ஃபேனைப் போட்டுவிட்டுப் பெருக்கினால் என்ன ஆகுமோ, அதேதான்!

பூத் அந்த அமெரிக்கரிடம் ஒரு எளிய கேள்வி கேட்டார். ஏன் ஊத வேண்டும், உறிஞ்சினால் என்ன? அந்த மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. உறிஞ்சுவதெல்லாம் நடக்காத காரியம், பலர் முயன்று தோற்றுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பூத் அதோடு விடவில்லை. சில நாள் யோசித்தார். பிறகு லண்டன் விக்டோரியா தெருவில் ஒரு உணவகத்தில் உட்கார்ந்திருந்தபோது, வெல்வெட் போன்ற துணி போர்த்திய நாற்காலியின் முதுகில் கைக்குட்டையை விரித்து, அதில் வாயை வைத்து பலமாக உறிஞ்சினார். மூச்சு அடைத்து இருமல் வந்தது. ஆனால் கைக்குட்டையைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம்.

அந்த ஒரு வட்டத்தில் அவருக்கு இரண்டு விடைகள் கிடைத்தன. ஒன்று, உறிஞ்சினால் தூசி வரும். இரண்டு, காற்றைப் போகவிட்டுத் தூசியை மட்டும் நிறுத்த ஒரு துணி வேண்டும். வேக்குவம் கிளீனரின் அடிப்படை இவ்வளவுதான்: உறிஞ்சும் விசை ஒன்று, வடிகட்டி ஒன்று.

அப்போ இவருக்கு முன்னாடி யாருமே யோசிக்கலையா?

யோசித்தார்கள். 1869-லேயே சிகாகோவைச் சேர்ந்த ஐவ்ஸ் மெக்காஃபி, கையால் சுற்றும் உறிஞ்சு கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் ஒரு கையால் சுற்றிக்கொண்டே இன்னொரு கையால் தள்ளுவது பெரும்பாடு. விசையும் போதவில்லை. பூத் செய்தது, அந்த வேலையை எஞ்சினிடம் ஒப்படைத்தது. 1901 ஆகஸ்ட் 30 அன்று அவர் காப்புரிமைக்குப் பதிவு செய்தார். 'வேக்குவம் கிளீனர்' என்ற பெயரும் அவர் வழியாகத்தான் பரவியது.

வீட்டுக்குள் நுழையாத வேக்குவம் கிளீனர்

பூத்தின் இயந்திரத்தைப் பார்த்தால் நீங்கள் சிரித்துவிடுவீர்கள். பெட்ரோல் எஞ்சினும் பம்ப்பும் சேர்ந்த அந்தப் பெட்டி ஒரு குதிரை வண்டி அளவு. குதிரைதான் அதை இழுத்து வரும். வண்டி தெருவில் நிற்கும். சீருடை போட்ட ஆட்கள் நீளமான குழாய்களை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் கொண்டுபோய், கம்பளம், திரைச்சீலை, சோஃபா என்று எல்லாவற்றையும் உறிஞ்சி எடுப்பார்கள். மக்கள் இதற்கு 'பஃபிங் பில்லி' என்று செல்லப்பெயர் வைத்தார்கள்.

அதுவரை கம்பளம் சுத்தம் செய்வது என்றால், வேலைக்காரர்கள் அதைச் சுருட்டி வெளியே தூக்கிப்போய், தொங்கவிட்டு, பிரம்பால் அடிப்பார்கள். கிளம்பும் புழுதி முழுவதும் அடிப்பவரின் மூக்கிலும் நெஞ்சிலும்தான் இறங்கும். அந்தச் சிரமத்தைத்தான் பூத்தின் இயந்திரம் முதன்முதலில் குறைத்தது.

ஆனால் தொந்தரவும் வந்தது. எஞ்சின் போட்ட சத்தத்தில் தெருவில் போன வண்டிக் குதிரைகள் மிரண்டன. நஷ்டஈடு கேட்டு வழக்குகள் வந்தன. கடைசியில், தெருவில் நின்று வேலை செய்ய இந்த இயந்திரத்துக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்ன பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

பூத்துக்கு வியாபார நுணுக்கமும் தெரிந்திருந்தது. குழாயின் ஒரு பகுதியைக் கண்ணாடி போலத் தெரியும்படி வைத்தார். தங்கள் வீட்டுக் கம்பளத்திலிருந்து எவ்வளவு அழுக்கு போகிறது என்பதை வீட்டுக்காரர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். பணக்கார வீட்டுப் பெண்கள் தோழிகளை டீக்கு அழைத்து, இதை ஒரு காட்சியாகவே நடத்தினார்கள்.

அரண்மனை முதல் காய்ச்சல் முகாம் வரை

1902-ல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபே தயாரானது. சிம்மாசனத்தின் கீழே விரித்திருந்த நீலக் கம்பளம் அழுக்காகிவிட்டது. அடித்துத் துவைக்க நேரமில்லை. பூத்தின் ஆட்கள் குழாயோடு வந்து வேலையை முடித்தார்கள். விஷயம் மன்னர் காதுக்குப் போனது. பக்கிங்ஹாம் அரண்மனையில் செயல்விளக்கம் நடந்தது. அங்கும் விண்ட்சர் கோட்டையிலும் இயந்திரங்கள் வைக்கப்பட்டன. இதைவிடப் பெரிய விளம்பரம் வேறென்ன வேண்டும்?

ஆனால் அரண்மனையை விட முக்கியமான வேலை ஒன்று பின்னால் வந்தது. முதல் உலகப் போரின்போது லண்டனின் கிரிஸ்டல் பேலஸ், கடற்படை வீரர்களின் தங்குமிடமாக இருந்தது. அங்கே ஒருவகை மூளைக்காய்ச்சல் பரவியது. பல ஆண்டுப் புழுதி படிந்த கட்டடம் அது. பூத்தின் 15 இயந்திரங்கள் அங்கே கொண்டுபோகப்பட்டன. தரை, சுவர், படிக்கட்டு, உத்திரம் என்று எதையும் விடவில்லை. அங்கிருந்து எடுக்கப்பட்ட தூசி 26 டன் என்று பதிவாகியிருக்கிறது. தூசி என்பது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை, அது உடல்நலப் பிரச்சினை என்பதைச் சொல்ல இதுபோல் ஒரு சம்பவம் போதும்.

இவ்வளவு செய்தும் பெயர் ஏன் நிலைக்கவில்லை?

இங்கேதான் பூத்தின் கதையில் ஒரு திருப்பம். அவர் இயந்திரத்தை ஒரு சேவையாகவே பார்த்தார். கூப்பிட்டால் வருவோம், சுத்தம் செய்வோம், காசு வாங்கிக்கொண்டு போவோம் என்பதுதான் அவர் நடத்திய பிரிட்டிஷ் வேக்குவம் கிளீனர் நிறுவனத்தின் வழி. அதைக் கையில் பிடித்து ஓட்டும் அளவுக்குச் சின்னதாக்கி, வீட்டு மூலையில் வைக்கலாம் என்ற போட்டியில் அவர் பின்தங்கிவிட்டார்.

அதைச் செய்தவர் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஒரு கடையில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்லர். அவருக்கு ஆஸ்துமா. தரைவிரிப்பைப் பெருக்கினாலே மூச்சு இழுக்கும். வேறு வழியில்லாமல் ஒரு மின்விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கருவி செய்தார். 1908-ல் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் பெரிதாகத் தயாரிக்கப் பணம் இல்லை. உரிமையை வாங்கிய ஹூவர் குடும்பம், அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிரிட்டனில் வேக்குவம் போடுவதையே 'ஹூவர் போடுவது' என்று சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பூத்தின் சொந்த நாட்டிலேயே!

பூத் 1955 ஜனவரி 14 அன்று, 83 வயதில், லண்டனை ஒட்டிய குராய்டனில் காலமானார். காப்புரிமையைக் காக்க நீதிமன்றம் ஏறி ஜெயித்தவர்தான். ஆனால் மக்கள் வாயில் நிலைத்தது வேறொருவர் பெயர்.

பூத்தின் கைக்குட்டைச் சோதனைக்குச் சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 2001-ல் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் 'ட்ரைலோபைட்' என்ற ரோபோ வேக்குவமை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஐரோபோட்டின் 'ரூம்பா' வந்தது. குதிரை இழுத்த இயந்திரம், கட்டிலுக்கு அடியில் தானாக நுழையும் தட்டு ஆனது.

சரி, ரோபோவை எப்படி மதிப்பிடுவது?

பூத் அன்று கேட்ட கேள்விகளையே நாமும் கேட்கலாம்.

*தூசி எங்கே போகிறது?* அமெரிக்க இயந்திரம் தோற்றது இந்த இடத்தில்தான். ரோபோ உறிஞ்சும் காற்று பின்பக்கமாக வெளியே வந்துதான் ஆக வேண்டும். வடிகட்டி சரியில்லை என்றால் நுண்தூசி திரும்ப அறைக்கே வரும். உண்மையான ஹெப்பா வடிகட்டி, 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல். 'ஹெப்பா வகை' என்று மட்டும் எழுதியிருந்தால் உஷார். வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தால் இதுதான் முதல் கேள்வி.

*அந்தப் பாஸ்கல் எண் என்ன சொல்கிறது?* பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அளவு. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சுமார் 1,01,325 பாஸ்கல். 10,000 பாஸ்கல் என்றால் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று பொருள். ஆனால் தூசியைத் தூக்கிச் செல்வது ஓடும் காற்று. அது எவ்வளவு ஓடுகிறது, பிரஷ் தரையை எப்படித் தொடுகிறது என்பதை அந்த எண் சொல்லாது. டைல்ஸ் தரைக்கு நடுத்தர விசையே பெரும்பாலும் போதும். கனமான கம்பளம் இருந்தால்தான் அதிகம் தேவை.

*துடைக்கிறதா, தடவுகிறதா?* ஈரத்துணியை இழுத்துக்கொண்டே போகும் மாடல்களில், ஹாலின் அழுக்கே பெட்ரூம் வரை போகும். பாதியில் நிலையத்துக்குத் திரும்பி, துணியை அலசிக்கொண்டு வரும் மாடல்கள் இதில் மேல். ஆனால் அந்த அழுக்குத் தண்ணீரை நாம்தான் கொட்ட வேண்டும். இரண்டு நாள் விட்டால் நாறும். சாம்பார் காய்ந்த கறையை அழுத்தித் தேய்க்க இன்னும் கைதான் வேண்டும்.

*உங்கள் வீடு அதற்கு ஒத்துவருமா?* வாசல்படி, கட்டில் கால், சோஃபா அடி உயரம் எல்லாவற்றையும் வாங்கும் முன் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். பெரும்பாலான ரோபோக்கள் 2 சென்டிமீட்டர் ஏறவே திணறும். தரையில் சார்ஜர் வயர் கிடந்தால் சிக்கும். நீளமான தலைமுடி பிரஷில் சுற்றும். அதை வெட்டி எடுப்பது வாராவாரம் நம் வேலை.

வீட்டிலேயே ஒரு பூத் சோதனை

திரும்பக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் இதைச் செய்து பாருங்கள். சமையலறைத் தராசில் 50 கிராம் ரவையை அளந்து, தரையிலும் சுவர் ஓரத்திலும் தூவுங்கள். தூசிப் பெட்டியைக் காலி செய்து எடை பார்த்துவிட்டு, ரோபோவை ஒரு முறை ஓடவிடுங்கள். பிறகு பெட்டியை மறுபடி எடை போட்டால், எவ்வளவு எடுத்தது என்று தெரிந்துவிடும். மூலைகளில் எவ்வளவு மிச்சம் என்பது கண்ணுக்கே தெரியும்.

அடுத்து துடைக்கும் வேலை. ரோபோ துடைத்து முடித்து தரை காய்ந்த பிறகு, ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, ஹால் நடுவில் ஒரு இடம், சுவர் ஓரத்தில் ஒரு இடம், கட்டிலுக்கு அடியில் ஒரு இடம் என்று தேய்த்துப் பாருங்கள். அழுக்கு வந்தால், அந்த ரோபோ தினசரித் தூசியைக் குறைக்கும் உதவியாளர்தான். வாரம் ஒருமுறை மாப் போடுவதை விட முடியாது. சுத்தமாக வந்தால், காசு வீணாகவில்லை.

விளம்பரத்தில் எத்தனை எண்கள் இருந்தாலும், பூத் நம்பியது நாற்காலியில் விரித்த அந்தத் துணியில் விழுந்த கறுப்பு வட்டத்தைத்தான். நாமும் அதையே நம்பலாம். வாயை வைத்து உறிஞ்ச மட்டும் வேண்டாம்!