குறிப்பேட்டில் ஒட்டிய பூச்சி

கடந்த பருவத்தில் என் மடிக்கணினி மூன்று வாரங்களில் ஐந்து முறை நீலத் திரையைக் காட்டி நின்றுபோனது. ஐந்தாவது முறை, மறுநாள் ஒப்படைக்க வேண்டிய அறிக்கையின் பாதியும் போய்விட்டது. லாரி ஓட்டும் அப்பா மிகைநேர வேலை பார்த்து வாங்கித் தந்த கணினி அது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், மதர்போர்டு போய்விட்டது, புதிது வாங்கிக்கொள் என்றார்கள். கிள்ளானுக்குத் திரும்பும் கோமுட்டர் ரயிலில், இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

அதே வாரம் எங்கள் விரிவுரையாளர் 'டம்ப்' கோப்புகளைப் பற்றிய பாடத்தை ஒரு பூச்சியின் கதையோடு தொடங்கினார். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி உலகறியச் செய்தவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார்.

அவர் 1906 டிசம்பர் 9-ஆம் தேதி நியூயார்க்கில் பிறந்தார். ஏழு வயதில், எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஓர் அலாரக் கடிகாரத்தைக் கழற்றினார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. விடை தேடி அடுத்ததைக் கழற்றினார். அம்மா கவனிப்பதற்குள் வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் துண்டு துண்டாகக் கிடந்தன. இனி ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொள் என்பதே அவருக்குக் கிடைத்த தண்டனை.

பதினாறு வயதில் லத்தீன் மொழியில் மதிப்பெண் குறைந்ததால் வாசர் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு சேர்ந்து, 1928-இல் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்றார். 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணித முனைவரானார். உலகப் போரின்போது கடற்படையில் சேர முயன்றார். வயது அதிகம், எடை குறைவு என்றார்கள். விடாமல் முயன்று, சிறப்பு அனுமதி பெற்று 1943-இல் சேர்ந்தார். மறு ஆண்டு அவரை ஹார்வார்டுக்கு அனுப்பினார்கள். அங்கே 'மார்க் 1' கணினி 51 அடி நீளத்தில், ஏறக்குறைய 5 டன் எடையில் நின்றது. அதை இயக்கும் முறையை விளக்கி 500 பக்கங்களுக்கு மேற்பட்ட கையேட்டை அவர் எழுதினார்.

1947 செப்டம்பர் 9-இல் 'மார்க் 2' கணினி கோளாறு செய்தது. தேடிப் பார்த்தபோது 70-ஆம் எண் ரிலேயில் ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. குழுவினர் அதை எடுத்து, நேரத்தைக் குறித்து, குறிப்பேட்டில் டேப் போட்டு ஒட்டினார்கள். கோளாறுக்குப் 'பூச்சி' என்று பெயர் சொல்வது எடிசன் காலத்திலேயே இருந்தது. இங்கே நிஜப் பூச்சியே கிடைத்ததுதான் வேடிக்கை. அந்தக் குறிப்பேட்டை இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் பாதுகாக்கிறது.

டம்ப் கோப்பும் அப்படி ஒரு குறிப்பேடுதான். கணினி நின்றுபோகும் கணத்தில் நினைவகத்தில் இருந்தவற்றை அது பதிந்து வைக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் 'விண்டிபக்' கருவியில் என் முதல் கோப்பைத் திறந்தேன். வெறும் எண்களாகத் தெரிந்தது. சிம்பல் கோப்புகளை இணைத்த பிறகே எண்கள் இருந்த இடத்தில் பெயர்கள் வந்தன. ஸ்டாக் பட்டியலில் கடைசியாக நடந்தது மேலே இருக்கும். கீழே போகப் போக அதற்கு முன் நடந்தவை.

முதல் கோப்பு திரை டிரைவரைக் காட்டியது. குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று துள்ளி, டிரைவரை மாற்றினேன். இரண்டு நாளில் ஆறாவது நீலத் திரை! அப்போதுதான் ஆறு கோப்புகளையும் திறந்து, தேதி, பிழை எண், டிரைவர் பெயர் என்று நோட்டில் வரிசையாக எழுதினேன். ஒவ்வொன்றிலும் வேறு வேறு பெயர். இத்தனை டிரைவர்களும் ஒரே மாதத்தில் கெட்டுப்போகுமா? எல்லாவற்றுக்கும் பொதுவானது நினைவகம். இரவு முழுவதும் சோதித்தேன். இரண்டு ரேம் பலகைகளில் ஒன்று பழுது. 60 வெள்ளிக்கு வேறொன்று வாங்கிப் போட்டேன். அதன் பிறகு நீலத் திரை வரவில்லை.

ஹாப்பர் அம்மையார் 1952-இல் 'ஏ-0' என்ற கம்பைலரை உருவாக்கினார். கணினி தானே நிரல்களைத் தொகுக்கும் என்பதைப் பலர் அப்போது நம்பவில்லை. அவர் படைத்த 'ஃப்ளோ-மேட்டிக்' மொழி, 1959-இல் தொடங்கிய 'கோபால்' மொழிக்கு வழிவகுத்தது. விரிவுரைகளில் ஏறக்குறைய 30 செண்டிமீட்டர் கம்பித் துண்டுகளை மாணவர்களுக்குக் கொடுப்பார். ஒரு நானோ விநாடியில் மின்சைகை செல்லக்கூடிய அதிகபட்ச தூரம் அது. 1986-இல் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79. 1992 ஜனவரி 1-ஆம் தேதி காலமானார்.

என் அட்டவணையை அப்பாவிடம் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே லாரியில் வைத்திருக்கும் சிறு நோட்டைக் கொண்டுவந்தார். என்றைக்கு, எந்த வேகத்தில், எந்தப் பக்கம் சத்தம் வந்தது என்று வரிவரியாக எழுதியிருந்தார். பட்டறைக்குப் போகுமுன் அதைத்தான் பார்ப்பாராம்.

நண்பர்களே, உங்கள் கணினி நின்றுபோனால் முதலில் தேதியைக் குறித்து வையுங்கள். ஒரே பதிவை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். என் நோட்டில் அந்தப் பக்கத்தின் கீழே, பழுதான ரேம் பலகையை டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.