பதினெட்டுப் பேரும் இரண்டு கூடைகளும்



வருகிற சீசனுக்கு நம்ம பாஸ்கட்பால் டீம் எப்படி இருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். நான் ஒன்றும் பெரிய ஆட்டக்காரன் இல்லை. டீம் லிஸ்ட்டில் எப்போதும் கடைசிப் பெயர் என்னுடையதுதான். அதுவும் ஒரு வருஷம் இல்லாமல் போனது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். சரி, நேரில் பார்த்துவிட்டே எழுதுவோம் என்று ஒரு சாயங்காலம் சிவகாசியில் பஸ் ஏறி நம்ம கிரவுண்டுக்குப் போனேன்.

பழைய வேப்பமரம் அப்படியே நிற்கிறது. போஸ்ட்டுக்கு மட்டும் புது பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் தரையில் மூன்று பாயிண்ட் கோடு கிடையாது. எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டே பாயிண்ட்தான். இப்போது வளைவாக ஒரு கோடு பளிச்சென்று தெரிகிறது.

டீம் நிலவரம் இதுதான். உயரமான சென்டர் பையனும், பந்தைக் கொண்டுபோகும் கார்டுகள் இரண்டு பேரும் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாம் வருஷத்தில் இரண்டு நல்ல ஃபார்வர்டுகள் மிச்சம். இரண்டாம் வருஷத்தில் ஒரு குட்டைப் பையன் இருக்கிறான், பந்து அவன் கைக்குப் போனால் யாரும் பிடுங்க முடியாது. முதல் வருஷத்தில் நெட்டையாக ஒருவன் சேர்ந்திருக்கிறான். குதிக்கிறான், ஆனால் எப்போது குதிக்க வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை. சென்டருக்கு அவனைத்தான் பழக்க வேண்டும். போன வருஷத்து டீமை விட உயரம் குறைவு, வேகம் அதிகம்.

ஆனால் பிரச்சினை உயரத்தில் இல்லை. அன்றைக்கு கிரவுண்டில் நின்றவர்கள் 18 பேர். லிஸ்ட்டில் இடம் 12 பேருக்குத்தான். மீதி ஆறு பேரை எப்படிக் கழிப்பது என்று பி.டி. சார் யோசித்துக்கொண்டிருந்தார். காலை ஆறு மணிப் பிராக்டிஸுக்கு வராதவர்களைக் கழித்துவிடலாம் என்பது ஒரு சுலபமான வழி. அப்படி வராதவர்கள் யார்? சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பையன்கள். அந்நேரத்துக்கு அவர்களுக்குப் பஸ் கிடையாது. லீவு நாளிலும் தீபாவளி சீசனிலும் பட்டாசு ஆபீசுக்கோ பிரஸ்ஸுக்கோ வேலைக்குப் போகிறவர்களும் அவர்கள்தான்.

பதினெட்டு என்ற கணக்கைக் கேட்டதும் எனக்கு இன்னொரு பதினெட்டுப் பேர் ஞாபகம் வந்தார்கள். அந்தப் பையன்களிடம், இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால் டீமைப் பற்றி எழுத வந்த நான், அந்த மனிதரின் கதையை எழுதுகிறேன். டீமைப் பற்றி நான் சொல்ல வேண்டியதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

அவர் பெயர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கனடா நாட்டில், ஆன்டாரியோ மாநிலத்து ஆல்மான்ட் என்ற ஊர்ப் பக்கத்தில் 1861 நவம்பர் 6-ஆம் தேதி பிறந்தார். 1870-ல் டைபாய்டு காய்ச்சல் அப்பாவையும் அம்மாவையும் அடுத்தடுத்துக் கொண்டுபோய்விட்டது. ஒன்பது வயதில் அநாதை. பாட்டியும் தாய்மாமனும்தான் வளர்த்தார்கள். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மரம் வெட்டப் போய்விட்டார். நம் விருதுநகரில் பிறந்து, சின்ன வயதிலேயே தந்தையை இழந்து, படிப்பை நிறுத்திவிட்டு மாமாவின் துணிக்கடையில் உட்கார்ந்த காமராஜரை நினைக்காமல் இந்த இடத்தை என்னால் தாண்ட முடியவில்லை. காமராஜர் மறுபடி பள்ளிக்குப் போகவில்லை. நாட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார். நெய்ஸ்மித் சில வருஷம் காட்டில் உழைத்துவிட்டு, தன்னை விடச் சின்னப் பையன்களோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்து பள்ளிப் படிப்பை முடித்தார்.

1883-ல் மான்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மத போதகர் ஆவதுதான் எண்ணம். ஆனால் ரக்பி, லக்ராஸ், ஜிம்னாஸ்டிக்ஸ் எல்லாவற்றிலும் முன்னால் நின்றார். போதகர் ஆகப் போகிறவனுக்கு ஆட்டம் என்ன வேண்டியிருக்கிறது என்று கூடப் படித்தவர்களே முகம் சுளித்தார்கள். ஒருவனை நல்வழிப்படுத்தப் பிரசங்க மேடை மட்டும்தானா, விளையாட்டு மைதானமும் உதவாதா என்று அவர் யோசித்தார். 1890-ல் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரிக்குப் போனார்.

அங்கேதான் அந்தப் பதினெட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

1891-ஆம் வருஷக் குளிர்காலம். வெளியே பனி, மைதானத்தில் கால் வைக்க முடியாது. உள்ளே டிரில்லும் ஜிம்னாஸ்டிக்ஸும்தான். அந்த வகுப்பு மாணவர்கள் எல்லாம் வளர்ந்த ஆட்கள். அந்த டிரில்லைக் கண்டாலே அவர்களுக்கு எரிச்சல். ஏற்கெனவே இரண்டு ஆசிரியர்கள் அவர்களைச் சமாளிக்க முடியாமல் கைவிட்டிருந்தார்கள். துறைத் தலைவர் லூதர் குலிக் அந்த வகுப்பை நெய்ஸ்மித் தலையில் கட்டினார். உள்ளே ஆடுகிற மாதிரி புதிதாக ஓர் ஆட்டம் கண்டுபிடிக்க 14 நாள் கெடு.

முதலில் இருக்கிற ஆட்டங்களையே உள்ளே ஆட விட்டுப் பார்த்தார். ஆளோடு ஆள் மோதி அடிபட்டதுதான் மிச்சம். கெடு முடியப் போகிற நேரம், உட்கார்ந்து நிதானமாக யோசித்தார். ரக்பியில் ஏன் ஆளைப் பிடித்துத் தள்ளுகிறார்கள்? பந்தை வைத்துக்கொண்டு ஓடுவதால். அப்படியானால் பந்தோடு ஓடக் கூடாது என்று வைத்துவிட்டால்? ஒருவரை ஒருவர் தள்ள வேண்டிய அவசியமே இல்லை. அடுத்தது கோல். அது தரையில் இருந்தால் பந்தை வேகமாகத்தான் அடிப்பார்கள். அப்போது சின்ன வயதில் ஊரில் ஆடிய ஓர் ஆட்டம் ஞாபகம் வந்தது. பெரிய பாறை மேல் ஒரு கல்லை வைத்து, அதைக் கல்லெறிந்து தள்ளுகிற ஆட்டம். வேகமாக எறிந்தால் கல் எங்கேயோ போய் விழும். அளந்து, வளைவாக எறிகிறவன்தான் ஜெயிப்பான். கோலைத் தலைக்கு மேலே கொண்டுபோய், வாய் வானத்தைப் பார்க்கிற மாதிரி வைத்துவிட்டால் பலம் செல்லாது, கைப்பக்குவம்தான் செல்லும். இவ்வளவுதான் விஷயம்.

கட்டடக் காவலரிடம் இரண்டு பெட்டி கேட்டார். பெட்டி இல்லை, பீச் பழக் கூடை இரண்டு இருக்கிறது என்று அவர் எடுத்துக் கொடுத்தார். மாடிக் கைப்பிடியில் கூடைகளை ஆணி அடித்து மாட்டினார்கள். கைப்பிடி 10 அடி உயரத்தில் இருந்ததால் கூடையும் 10 அடியில் நின்றது. இன்றைக்கு நம்ம கிரவுண்டு போஸ்ட்டிலும் அதே 10 அடிதான். 13 விதிகளை டைப் அடித்து நோட்டீஸ் போர்டில் குத்தினார். 1891 டிசம்பர் 21-ல், கால்பந்து ஒன்றை வைத்து, உலகத்தின் முதல் பாஸ்கட்பால் ஆட்டம் நடந்தது. வில்லியம் சேஸ் என்ற மாணவர் போட்ட ஒரே ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது.

இங்கேதான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. அந்த ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் தெரியுமா? ஒன்பது பேர். ஏன் ஒன்பது? ஏனென்றால் வகுப்பில் இருந்தது 18 பேர். ஒருவரையும் வெளியே உட்கார வைக்க அவருக்கு மனசில்லை. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் என்ற கணக்கு நிலைபெற்றது 1897-ல்தான். அந்த வகுப்பிலேயே அடங்காதவர் ஃபிராங்க் மேஹன். முதல் நாள் போர்டில் குத்திய விதித்தாளை நினைவுக்காகக் கிழித்துக்கொண்டு போனதும் அவர்தான், பிறகு மனம் கேட்காமல் திருப்பிக் கொடுத்ததும் அவர்தான். ஆட்டத்துக்கு நெய்ஸ்மித்தின் பெயரையே வைக்கலாம் என்று அவர் சொல்ல, நெய்ஸ்மித் சிரித்து மறுத்துவிட்டார். அப்படியானால் பாஸ்கட்பால் என்று வைப்போம் என்றதும் அதே மேஹன்தான். கழித்துவிடத் தோன்றிய ஆளே ஆட்டத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார், பாருங்கள்!

பிறகு டென்வர் நகரத்துக்குப் போய், வேலை பார்த்துக்கொண்டே மருத்துவம் படித்து, 1898-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அதே வருஷம் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே டீம் ஆரம்பித்து 1907 வரை கோச்சாக இருந்தார். ஜெயித்தது 55, தோற்றது 60. அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் டீமுக்கு இன்றுவரை வந்த கோச்சுகளில், ஜெயித்ததை விடத் தோற்றது அதிகம் என்ற கணக்கு இவர் ஒருவருக்குத்தான். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவருக்கு! இது கோச் வைத்துக் கற்றுக்கொடுக்கிற ஆட்டமில்லை, சும்மா ஆட வேண்டிய ஆட்டம் என்பது அவர் எண்ணம். அவரிடம் ஆடிய ஃபாரஸ்ட் ஆலன் என்ற மாணவர் அதை ஏற்கவில்லை. கோச்சிங் என்பதையே ஒரு தொழிலாக வளர்த்து, அமெரிக்காவின் பெரிய கோச்சுகளில் ஒருவரானார். குருவும் சிஷ்யனும் இரண்டு பாதையில் போனாலும் பிரியம் குறையவில்லை.

1933-ல் ஜான் மெக்லென்டன் என்ற கறுப்பின மாணவர் கன்சாஸில் சேர்ந்தார். தோல் நிறத்தைக் காரணம் காட்டி அவரைப் பல்கலைக்கழக டீமில் சேர்க்கவில்லை. நெய்ஸ்மித் அவருக்கு வழிகாட்டியாக இருந்து, கோச் வேலையின் சூட்சுமங்களைச் சொல்லிக் கொடுத்தார். லிஸ்ட்டில் இடம் கிடைக்காத அந்த மாணவர், பின்னாளில் 1957, 1958, 1959 என்று தொடர்ந்து மூன்று வருஷம் தம் கல்லூரி டீமை தேசியப் பட்டம் வாங்க வைத்தார்.

1936-ல் பெர்லின் ஒலிம்பிக்ஸில் பாஸ்கட்பால் முதன்முறையாகச் சேர்ந்தது. இந்த ஆட்டத்தை வைத்துக் காசு சேர்க்காத மனிதர் நெய்ஸ்மித். கோச்சுகள் சங்கம் நிதி திரட்டித்தான் அவரை அனுப்பி வைத்தது. முதல் ஆட்டத்தின் பந்தை அவரே தூக்கிப் போட்டார். இறுதி ஆட்டம் திறந்தவெளி மண் தரையில், கொட்டுகிற மழையில் நடந்தது. அமெரிக்கா 19, அவர் பிறந்த கனடா 8. பந்து தரையில் பட்டால் எழும்பவே இல்லை. ஐப்பசி மழையில் கரிசல் சேற்றில் பந்து தட்டிப் பார்த்த நம்ம ஊர்க்காரனுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 1939 நவம்பர் 28-ல் தமது 78-ஆம் வயதில் நெய்ஸ்மித் காலமானார்.

அவர் ஆட்டம் நம் ஊருக்கு எப்படி வந்தது? நெய்ஸ்மித் வேலை பார்த்த அதே ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பிற்காலத்தில் படித்த ஹாரி குரோ பக் என்பவர், 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்துவிட்டு வந்த டிரில் மாஸ்டர்கள் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் போஸ்ட் நட்டார்கள். நமக்கு முதன்முதலில் பந்தைக் கையில் கொடுத்த சாரும் அந்த வழியில் வந்தவர்தான்.

இப்போது என் கதை. என் அம்மா வீட்டில் தீப்பெட்டி ஒட்டித்தான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார். இரண்டாம் வருஷம் தீபாவளி சீசனில் நானும் ஒரு பட்டாசு ஆபீசுக்கு லோடு ஏற்றப் போய்விட்டேன். திரும்பி வந்து நோட்டீஸ் போர்டைப் பார்த்தால் லிஸ்ட்டில் என் பெயர் இல்லை. யாரையும் குறை சொல்லவில்லை, பிராக்டிஸுக்கு வராதவனை எப்படிச் சேர்ப்பார்கள்? ஆனால் அன்றைக்கு அந்தப் போர்டு முன்னால் நின்ற நிமிஷம் இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. அடுத்த வருஷம் ஒரு சார், வேலை முடிந்து வருகிறவனுக்காக இருட்டுகிற வரை கிரவுண்டில் காத்திருந்தார். பன்னிரண்டாவது ஆளாக மதுரைக்கு மேட்சுக்குப் போனேன். ஆடியது நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

ஆகவே முன்னாள் மாணவர்களே, வருகிற சீசனில் கோப்பை வருமா என்று என்னைக் கேட்காதீர்கள். குட்டைப் பையனும் நெட்டைப் பையனும் ஒத்துப்போனால் வந்தாலும் வரும். நாம் செய்ய வேண்டியது வேறு. கிரவுண்டுக்கு இரண்டு ஃபோகஸ் லைட் போட்டுக் கொடுத்தால் பிராக்டிஸைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம். கிராமத்துப் பையன்களுக்குப் பஸ் செலவும், ஆடி முடித்ததும் ஆளுக்கு இரண்டு முட்டையும் கொடுத்தால் போதும். பி.டி. சாரிடம் கேட்டேன். லைட் வந்தால் நேரத்தைப் பார்த்து யாரையும் கழிக்க மாட்டேன், ஆட்டத்தைப் பார்த்துத்தான் லிஸ்ட் போடுவேன் என்றார். மிச்சம் ஆறு பேரும் தினமும் வந்து ஆடலாம், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

என் பங்குக்கு ஒரு லைட்டுக்கான பணத்தை அன்றைக்கே கொடுத்துவிட்டேன். இன்னொரு லைட் பாக்கி இருக்கிறது. ரீயூனியனுக்கு வரும்போது அப்படியே கிரவுண்டுப் பக்கமும் ஒரு எட்டு வந்து பாருங்கள்.