பாட்டைத் தேடி நடந்தவர்: ஜோன் லெய்டன்

ஸ்கொட்லாந்து இலக்கியம் என்றதும் ரொபர்ட் பேர்ன்ஸ், சேர் வோல்ட்டர் ஸ்கொட், ஸ்டீவன்சன் ஆகியோரின் பெயர்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. அந்த ஸ்கொட்டுக்குத் தோள் கொடுத்த ஒருவர் சென்னைக்கு வந்து பணியாற்றினார். முப்பத்தாறு வயது நிறையுமுன்பே ஜாவாவில் கண்மூடினார். அவர்தான் ஜோன் லெய்டன். கிளிநொச்சியிலிருந்து கல்வியைத் தேடிப் புறப்பட்ட எனக்கு அவருடைய வாழ்க்கை அந்நியமாகத் தோன்றவில்லை.

லெய்டன் 1775 செப்டெம்பர் 8ஆம் திகதி, இங்கிலாந்தின் எல்லையை அண்டிய டென்ஹொம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தை ஆடு மேய்ப்பவர். சிறுவனுக்கு எழுத்தறிவித்தவர் அவனுடைய பாட்டி. நூலகமோ புத்தகக் கடையோ அருகில் இல்லை. ஒருநாள் ஆயிரத்தொரு இரவுகள் கதைப் புத்தகம் ஒன்று தொலைவிலுள்ள கொல்லன் பட்டறைப் பையன் ஒருவனிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டான். கடுங்குளிர் காலம். விடியுமுன்பே பனியில் நடந்து பட்டறைக்குப் போனான். பையன் வேலையாக வேறிடம் போயிருந்தான். அங்கும் தேடிப் போனான். புத்தகத்தைக் கொடுக்க அவன் மறுத்ததால், பொழுதெல்லாம் அவன் பக்கத்திலேயே நின்றான். அந்த விடாமுயற்சியைக் கண்டு மனமிளகிய பட்டறைப் பையன், புத்தகத்தை அவனுக்கே கொடுத்துவிட்டான். பசியும் களைப்புமாக வீடு திரும்பிய சிறுவனின் கையில் அரபு உலகம் இருந்தது.

1790இல், பதினைந்து வயதில், எடின்பரோ பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். பொருளியல் மேதை அடம் ஸ்மித் அந்நகரிற் காலமானதும் அதே ஆண்டில்தான். தத்துவம், விஞ்ஞானம், வரலாறு என அறிவு செழித்திருந்த நகரம் அது. அங்கே நாட்டுப்புற உச்சரிப்போடும் எளிய உடையோடும் எழுந்து நின்ற இந்தப் பையனைக் கண்டு, பேராசிரியருக்கே சிரிப்பை அடக்குவது கடினமாக இருந்ததாம். லெய்டன் கூசிக் குறுகவில்லை. பாடத்திட்டத்துக்கு அப்பாலும் போய் அரபு, பாரசீகம், ஹீப்ரு முதலிய மொழிகளைக் கற்றார். புத்தகக் கடையின் ஏணியில் ஏறி நின்றபடியே பழைய நூல்களை வாசிப்பது அவரது வழக்கம். அங்கே அவரைக் கண்ட அறிஞர் ஒருவரின் மூலமே வோல்ட்டர் ஸ்கொட்டின் நட்புக் கிடைத்தது.

அப்போது ஸ்கொட் எல்லைப்புற மக்களின் கதைப்பாடல்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். நூற்றாண்டுக் கணக்கில் சண்டையும் சூறையாடலும் கண்ட மண் அது. வென்றவர்களின் செய்தியை வரலாற்று நூல்கள் சொல்லின. வீடிழந்தவர்களின் துயரமோ எழுத்தறியாத முதியவர்களின் நாவில் மட்டுமே வாழ்ந்தது. பாடல் ஒன்றின் மீதிப் பகுதி கிடைக்காமல் ஸ்கொட் வருந்தினார். லெய்டன் யாருக்கும் சொல்லாமற் புறப்பட்டார். இரண்டொரு நாளில், ஸ்கொட் உணவுக்குப் பின் விருந்தினரோடு அமர்ந்திருக்கையில், புயல் போன்ற குரலில் அந்த மீதியைப் பாடியபடியே உள்ளே நுழைந்தார். பாடலறிந்த முதியவர் ஒருவரைத் தேடி நாற்பது, ஐம்பது மைல் நடந்து போய்த் திரும்பியிருந்தார். கிளிநொச்சியிலிருந்து வவுனியா வரை நடப்பதற்கு ஒப்பான தூரம் அது. அத்தொகுப்பு 1802இல் வெளிவரத் தொடங்கியது. ஸ்கொட்டைப் பெரும் எழுத்தாளராக்கிய பாதையில் அது முதற்படி.

கீழைத்தேயத்தைக் காணும் ஆசையில் லெய்டன் ஆறே மாதம் முயன்று மருத்துவத் தகுதி பெற்று, 1803 ஓகஸ்டில் சென்னையில் இறங்கினார். மருத்துவமனைப் பணி, மைசூர் நில அளவையில் மருத்துவர் பதவி, ஓயாத காய்ச்சல் இவற்றுக்கிடையே தென்னாட்டு மொழிகளைப் பயின்றார். 1805இல் உடல்நலம் தேடிப் பினாங்குக்குப் போனவர், நோயையும் மறந்து மலாய்ச் சுவடிகளில் மூழ்கினார். பின்னர் கல்கத்தாவில் பேராசிரியராகவும் நீதிபதியாகவும் இருந்தார். மலாக்கா சுல்தான்களின் வரலாறு கூறும் மலாய் நூலை ஆங்கிலமாக்கினார். முகலாயப் பேரரசை நிறுவிய பாபரின் வாழ்க்கைக் குறிப்பையும் துருக்கிய மொழியிலிருந்து பெயர்க்கத் தொடங்கினார்.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. உரத்த பேச்சும் தற்பெருமையும் கொண்டவர். கிழக்கிந்தியக் கம்பனியின் ஊழியராகவே இங்கு வந்தார். ஜாவாவைப் பிடிக்கச் சென்ற படையுடன்தான் 1811இல் அங்கு போனார். தன் ஊர்ப் பாடல்களைத் தேடியது அன்பினால். பிறர் மொழிகளைத் தேடியபோது அன்போடு ஆட்சியின் தேவையும் கலந்திருந்தது. இதையும் மறைக்காமற் சொல்லவேண்டும்.

பத்தாவியாவில் சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையொன்றுள் காற்றோட்டம் வருமுன்பே நுழைந்தார். வெளியே வந்ததும் நடுக்கம் கண்டது. சில நாட்களிலேயே, ஓகஸ்ட் 28இல், உயிர் பிரிந்தது. அரைகுறையாய் நின்ற பணிகளை நண்பர்கள் கைவிடவில்லை. மலாய் வரலாறு 1821இல் ராபிள்ஸின் முன்னுரையோடு வெளிவந்தது. பாபரின் குறிப்பை வில்லியம் எர்ஸ்கின் நிறைவுசெய்து 1826இல் வெளியிட்டார்.

தோழியரே, 1990 ஒக்டோபரில் நாச்சிக்குடாவை விட்டுப் புறப்பட்டபோது எங்கள் உம்மம்மாமார் புத்தகங்களைக் கொண்டுபோகவில்லை. தாலாட்டையும் கடற்கரைக் கதைகளையும் நெஞ்சில் கொண்டுபோனார்கள். 2009இல் இரணைமடுப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த அயலூர்த் தமிழ்ப் பாட்டிமாரும் அரிவு வெட்டுப் பாடல்களை அப்படியே சுமந்து நடந்தார்கள். அவர்களில் பலர் இன்று நம்மிடையே இல்லை. லெய்டனுக்கு ஒரு பாட்டின் மீதிக்காக ஐம்பது மைல் நடக்கவேண்டியிருந்தது. நமக்கோ பக்கத்து அறைவரை போனாற் போதும். இந்த விடுமுறையில் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் உட்காருவோம். நாம் தொடங்கி முடியாமற் போனாலும், முடித்துவைக்க ஒரு தோழி வருவாள்.