மழைநீரில் அமோனியாவைக் கண்டவர்

வயலில் இடும் தழைச்சத்து முழுவதும் பயிருக்குச் சேர்வதில்லை. ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் கலந்து வேறோர் இடத்தில் இறங்குகிறது. இந்த உண்மையை வேளாண்மையின் முக்கியக் கேள்வியாக்கியவர் ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டஸ் வான் லீபிக்.

1803-இல் டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்த லீபிக், பாரீஸில் பயின்று, 21 வயதிலேயே கீசன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அவரது ஆய்வுக்கூடத்தை நாடிப் பல நாட்டு மாணவர்கள் வந்தனர். 1840-இல் வெளியான தமது நூலில், பயிர்களின் உணவு மட்கு அன்று, கனிமங்களே என்று நிறுவ முயன்றார். மழைநீரைச் சோதித்து, அதில் அமோனியா இருப்பதையும் கண்டறிந்தார். அழுகும் பொருள்களிலிருந்து எழும் அமோனியாவை மழை மண்ணுக்குத் திருப்பித் தருகிறது என்ற அவரது கருத்து சரியானதே.

ஆனால், பயிருக்குத் தேவையான தழைச்சத்தை வானமே தந்துவிடும் என்று பின்னர் அவர் வாதிட்டது தவறாயிற்று. 1845-இல் இங்கிலாந்தில் அவர் பெயரால் விற்கப்பட்ட, தழைச்சத்து இல்லாத கனிம உரம் தோல்வியுற்றது. ராத்தம்ஸ்டெட் பண்ணையில் லாவெஸும், லீபிக்கிடமே பயின்ற கில்பர்ட்டும் மழை கொணரும் அமோனியாவை அளந்தனர். அது கோதுமையின் தேவைக்கு மிகக் குறைவு. மற்றொரு மாணவரான ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித், தொழில்நகரங்களின் மழையை ஆராய்ந்து, 1872-இல் அமில மழை பற்றி விரிவாக எழுதினார். மறு ஆண்டு மியூனிக் நகரில் லீபிக் காலமானார்.

அவர் மறைந்து 36 ஆண்டுகளுக்குப் பின், காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அமோனியா தயாரிக்கும் வழியை ஃபிரிட்ஸ் ஹேபர் செய்துகாட்டினார். செயற்கை உரமும் பெருங்கால்நடைப் பண்ணைகளும் பெருகின. சாணமும் சிறுநீரும் கலக்கும்போதும், ஈர மண்ணின் மேல் யூரியா கிடக்கும்போதும் அமோனியா எழுகிறது. அதில் ஒரு பங்கு அருகிலுள்ள செடிகளிலும் மண்ணிலும் படிகிறது. மறுபங்கு, காற்றிலுள்ள அமிலங்களோடு சேர்ந்து நுண்துகளாகி, பல நூறு கிலோமீட்டர் கடந்து மழையோடு இறங்குகிறது. அந்தத் துகள்கள் நுரையீரலையும் பாதிக்கின்றன. நெதர்லாந்தின் புதர்நிலங்களில் அரிய செடிகளைப் புற்கள் விழுங்கியதற்கு இந்தப் படிவு ஒரு முக்கியக் காரணம். 2019-இல் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் நைட்ரஜன் அனுமதித் திட்டத்தைச் செல்லாதாக்க, விவசாயிகள் டிராக்டர்களுடன் சாலைக்கு வந்தனர்.

உலகில் அமோனியா மிகுந்த காற்றுப் பரப்புகளுள் நம் கங்கைச் சமவெளியும் ஒன்று.  யூரியாவைத் தூவியதும் மண்ணுக்குள் சேர்ப்பதும், சாணக் குழிகளை மூடிவைப்பதும் இழப்பைக் குறைக்கும். உர மானியத்துக்குப் பெருந்தொகை ஒதுக்கும் அரசு, அதில் எவ்வளவு காற்றோடு போகிறது என்பதையும் கணக்கிட வேண்டும்.