போஸ் அளந்த இடைவெளி

விடுமுறை நெருங்கிவிட்டால் ரயில் நேரம் பாராத தமிழ் மாணவர் நம் விடுதியில் ஒருவரும் இலர். இன்று கைப்பேசியில் பார்க்கிறோம். முன்னாளில் அதற்கென்றே பிராட்ஷா என்ற பெயரில் தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. 1890களில் கல்கத்தாவில் ஒரு பேராசிரியர் அப்புத்தகத்தின் ஏடுகளுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகி அதனை ஆய்வுக் கருவியாக்கினார். மின்காந்த அலைகளுள் ஒரே தளத்தில் அதிர்வனவற்றை மட்டும் பிரித்தெடுக்க அது பயன்பட்டது. அப்பேராசிரியர்தாம் ஜகதீச சந்திர போஸ்.

போஸ் என்றதும் செடிகொடிகளின் உணர்ச்சியை ஆராய்ந்தவர் என்பது நம் நினைவுக்கு வரும். மார்க்கோனிக்கு முன்பே கம்பியில்லாமல் செய்தி அனுப்பியவர் என்று வாதிடுவோரும் உண்டு. அவ்விரண்டையும் பலர் எழுதிவிட்டனர். என் ஆய்வு மேசைமீதுள்ள ஒரு சிறு கருவிக்கு அவர் பாட்டனார் முறையாக வேண்டும் என்பதை எழுதியவர் குறைவு. ஆதலால் நான் எழுதத் துணிந்தேன்.

போஸ் 1858 நவம்பர் 30ஆம் நாள், இன்று வங்காள தேசத்திலுள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க அதிகாரி. அதிகாரிகளின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளியை நாடிய காலத்தில், அவர் தம் மகனை வங்காளிப் பள்ளியிலேயே சேர்த்தார். அங்கே மீனவர் மகனும் ஏவலாளர் மகனும் அவருடன் ஒரே வரிசையில் அமர்ந்து படித்தனர். பிறகு கல்கத்தாவில் தூய சேவியர் கல்லூரி. லஃபோன் பாதிரியாரிடம் பௌதிகம். 1880இல் மருத்துவம் பயில இலண்டன் சென்றவர், காய்ச்சல் விடாது வருத்தியதால் அதனைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் பயின்றார். அங்கே ராலே பிரபு அவருக்கு ஆசிரியராக வாய்த்தார்.

1885இல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் பேராசிரியர் பதவி கிடைத்தது. ஆனால் அக்காலத்தில் இந்தியப் பேராசிரியருக்கு ஐரோப்பியர் ஊதியத்தில் மூன்றில் இரு பங்குதான். தற்காலிகப் பதவி என்று காட்டி அதிலும் பாதியைக் குறைத்தனர். போஸ் சண்டையிடவில்லை. வகுப்புக்குத் தவறாமல் சென்றார். சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்துவிட்டார். தந்தையார் கடனில் மூழ்கியிருந்த வேளையிலும் இவ்விரதம் மூன்று ஆண்டுகள் நீடித்தது. முடிவில் அரசாங்கம் இறங்கிவந்து முழு ஊதியத்தையும் பின்தேதியிட்டுக் கொடுத்தது. அத்தொகை தந்தையாரின் கடனுக்குப் போயிற்று. உதவித்தொகை ஒரு மாதம் தாமதித்தாலே உணவு விடுதிக் கணக்கை எண்ணிக் கலங்கும் நமக்கு, மூன்று ஆண்டு என்பது எத்தகையது என்று விளங்கும். இதற்கிடையே 1887இல் அவர் மணந்த அபலா அம்மையார் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். பெண் என்பதால் கல்கத்தா அவருக்குக் கதவடைத்தது, சென்னை திறந்தது.

1894இல், தம் முப்பத்தாறாம் பிறந்த நாளன்று, இனி ஆராய்ச்சியே தம் வாழ்வு என்று போஸ் உறுதி பூண்டார். ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை உண்டாக்கிக் காட்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஹெர்ட்ஸின் அலைகள் நீளமானவை. அவற்றை வளைத்துக் காட்டக் கீலினால் அவர் வார்த்த முப்பட்டகம் ஏறக்குறைய ஆள் உயரம். எடை 500 கிலோவுக்கும் மேல். கல்லூரியின் ஒரு சிற்றறையில், உள்ளூர்க் கொல்லர் ஒருவரைத் துணைக்கொண்டு வேலை செய்த போஸுக்கு அது கட்டுப்படியாகுமா? அவர் அலையையே சுருக்கினார். 5 மில்லிமீட்டர் வரை சுருக்கினார். அவ்வளவில் ஒளியியல் கருவிகள் அனைத்தும் மேசைமீது அடங்கின. 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் அனுப்பிய அலைகள் சுவர்களைக் கடந்து மணியடித்து, வெடிமருந்தைக் கொளுத்தின. கூட்டம் வியந்தது அதைக் கண்டுதான். என்னை வியக்க வைப்பது 1897இல் அவர் செய்த ஓசையில்லாத வேறொரு சோதனை.

கண்ணாடியினுள் சாய்ந்து செல்லும் ஒளி, விளிம்பில் பட்டதும் வெளியேறாது முழுவதும் திரும்பிவிடுவதுண்டு. எனினும் திரும்புமுன் அது விளிம்புக்கு அப்பால் சற்றே எட்டிப் பார்க்கிறது. வாசற்படி தாண்டி ஓரடி வைத்துவிட்டு மீள்பவனைப் போல. ஒட்டினாற்போல் அடுத்த வீட்டு வாசல் இருந்தாலோ அவன் அங்கே நுழைந்தும் விடலாம்! நியூட்டனுக்கே இது தெரியும். ஆனால் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. எட்டிப் பார்க்கும் தூரமும் அந்த அளவினதே. அதை எந்தக் கோல் கொண்டு அளப்பது? போஸின் அலைகளோ மில்லிமீட்டர், சென்டிமீட்டர்க் கணக்கின. இரு கண்ணாடி முப்பட்டகங்களை எதிரெதிரே நிறுத்தி இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். சேர்த்து வைத்தால் அலை நேரே கடந்தது. விலக்க விலக்க, கடப்பது குறைந்து திரும்புவது மிகுந்தது. அலை நீண்டதாயின் முழுவதும் திருப்புவதற்கு அகன்ற இடைவெளி வேண்டியிருந்தது. ஒரே கற்றையை வேண்டிய விகிதத்தில் இரண்டாகப் பங்கிடும் கருவி இவ்வாறு பிறந்தது. அக்கட்டுரை அவ்வாண்டே இலண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது.

என் மேசைமீதுள்ள கருவிக்கு வருகிறேன். கண்ணாடி இழையில் ஒளி நடுவிலுள்ள ஏறத்தாழ 9 மைக்ரான் அகல உள்ளகத்தில் செல்கிறது. சுற்றியுள்ள உறைக்குள்ளும் சற்று எட்டிப் பார்க்கிறது. இழையை வளைவான பள்ளமுள்ள கண்ணாடிக் கட்டியில் பதித்து, உள்ளகத்தை நெருங்கும் வரை ஒரு பக்கத்தைத் தேய்க்கிறார்கள். இத்தகைய இரு கட்டிகளை முகத்தோடு முகம் வைத்து, நடுவே ஒரு துளி எண்ணெய் விட்டால், ஓர் இழையின் ஒளி மற்றதற்குத் தாவுகிறது. திருகைத் திருப்பிக் கட்டியைச் சற்று நகர்த்தினால் பங்கு மாறும். ஒன்றுமே தாவாத நிலையிலிருந்து ஏறக்குறைய முழுவதும் தாவும் நிலை வரை செல்லலாம். 1980இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பெர்க், காட்லர், ஷா ஆகியோர் இதனைச் செய்து காட்டினர். போஸின் முப்பட்டகத்தில் அலை ஒரே தாவலில் கடக்கும். இழைகளில் அருகருகே ஓடும் தூரம் முழுவதும் சிறிது சிறிதாகக் கைமாறும், தூரம் மிகுந்தால் திரும்பியும் வரும். இந்த வேறுபாட்டை மறைக்கலாகாது. ஆயினும் எட்டிப் பார்க்கும் அலையும், இடைவெளியே கைப்பிடி என்ற உத்தியும் இரண்டிற்கும் பொது. (எண்ணெய் உலர்ந்ததைக் கவனியாமல் திருகித் தேய்த்த முகத்தைக் கீறியவன் நான். அன்றுதான் போஸின் கட்டுரையைத் தேடிப் படித்தேன்.)

1900க்குப் பின் போஸ் தாவரங்களின் பக்கம் திரும்பினார். நண்பர் வற்புறுத்தலால் எடுத்த அமெரிக்கக் காப்புரிமை 1904இல் கிடைத்தும் அதனால் பணம் ஈட்ட அவர் முயலவில்லை. பணத்தைத் துறந்ததைப் போற்றுகிறேன். ஆனால் அந்த மில்லிமீட்டர் அலைகளை அவர் விட்டுவந்ததை நினைக்கும்போது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கோபமே வருகிறது. பின்வந்தோர் அவ்வழியில் மீண்டும் நடக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

1917இல், மீண்டும் தம் பிறந்த நாளன்றே, கல்கத்தாவில் போஸ் ஆய்வகத்தை நிறுவினார். 1920இல் ராயல் சங்க உறுப்பினரானார். 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிதியில் மறைந்தார். அந்த இரட்டை முப்பட்டகக் கருவி அவர் நிறுவிய ஆய்வகத்திலேயே பாதுகாக்கப்பட்டுள்ளது. ஹௌரா வழியாக ஊர் செல்லும் நண்பர்கள் இடையில் ஒரு நாள் தங்குவதாயின், முன்கூட்டியே அனுமதி கேட்டு அதனைப் பார்த்துவரலாம்.