ஓமக்குளத்தில் எழுந்த கல்விக்கூடம்

சென்னையிலிருந்து வைட்ஃபீல்ட் பிருந்தாவனத்திற்கு ரயிலில் வரும் அடியார்கள் பங்காருப்பேட்டையைக் கடந்தே வருகின்றனர். அந்நிலையத்திலிருந்து கிளைப்பாதை ஒன்று கோலார் தங்கவயலுக்குப் பிரிந்து செல்கிறது. 2001-இல் மூடப்பட்ட அச்சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் உடையவை. அவற்றுள் இறங்கிப் பொன் எடுத்தவர்களில் மிகப் பலர், சொந்த ஊரில் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட தமிழ்க் குடும்பத்தினர். சுவாமி சகஜானந்தரின் பெற்றோரும் பிழைப்புத் தேடி அவ்வழியே வந்தவர்களே.

ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் சுவாமிகள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. திண்டிவனத்தில் கிறிஸ்தவ மிஷன் பள்ளியில் பயின்றார். வறுமை அவரையும் தங்கவயலுக்கு அழைத்து வந்தது. பொன் விளையும் அம்மண்ணில் இளைஞரின் உள்ளம் நாடியதோ ஞானத்தை. பின்னர்ச் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளின் திருவடியை அடைந்து, வேதாந்தமும் தமிழ் நூல்களும் கற்றார். சகஜானந்தர் என்னும் துறவுப் பெயரும் அங்கேயே கிடைத்தது.

1910-இல் அவர் சிதம்பரம் வந்தார். நந்தனார் என்னும் திருநாளைப்போவார் நாயனார் தில்லைக் கூத்தனைக் காண ஏங்கி நின்ற தலம் அது. நாளை போவேன், நாளை போவேன் என்று நாட்களைக் கழித்ததால் அப்பெயர் பெற்ற அடியார், இறுதியில் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே கோயிலுள் புகுந்தார் என்கிறது பெரியபுராணம். அவர் தீயில் மூழ்கிய இடமாகச் சொல்லப்படுவது ஓமக்குளம். துறவு பூண்டோர்க்குச் சாதியில்லை என்பது சாத்திரம். ஆயினும் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த இத்துறவிக்கும் அவர்தம் மக்களுக்கும் நடராசர் சந்நிதி அன்று மூடியே இருந்தது.

சுவாமிகள் அந்த ஓமக்குளத்தையே தம் பணிக்களமாகக் கொண்டார். தீயின் வழியாகவன்றிக் கல்வியின் வழியாகத் தம் மக்கள் உள்ளே செல்லவேண்டும் என்பது அவர் திருவுளம் போலும்! 1916-இல் 25 மாணவர்களுடன் நந்தனார் பள்ளி தொடங்கிற்று. கூலி வேலைக்கும் மாடு மேய்க்கவும் அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொணர்வதே முதற்பெரும் பாடு. ஒருநாட் கூலியை இழப்பது ஏழைப் பெற்றோர்க்கு எளிதன்று. ஆகவே பிள்ளைகளுக்கு உணவும் உறையுளும் தரவேண்டியிருந்தது. அதற்கெனத் துறவி ஊர் ஊராகச் சென்று பொருள் வேண்டினார். தமக்கென ஏதும் வேண்டாதவர் பிறர்க்காகக் கையேந்துவதில் கூசவில்லை. நந்தனார் மடமும் சிவலோகநாதர் கோயிலும் அங்கே எழுந்தன. மாணவர்கள் தங்கள் சிவனைத் தங்கள் வளாகத்திலேயே வழிபட்டனர்.

காவியுடை அரசியலுக்கு ஆகாது என்று அவர் ஒதுங்கவில்லை. 1926-இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் இடம்பெற்ற அவர், நெடுங்காலம் சட்டமன்றப் பணியாற்றினார். கல்வி, நிலம், ஆலயப் பிரவேசம் ஆகியவற்றில் தம் மக்களின் உரிமைகளுக்காக வாதாடினார். மதம் மாறுதலை அவர் ஏற்கவில்லை. தம் சமயத்துள் நின்றே உரிமை கேட்டது எளிய வழியன்று. புறத்தே நின்ற உயர்குலத்தாரையும், பொறுமை இழந்த தம்மவரையும் ஒருங்கே எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

1947-இல் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. தில்லைக்கு வந்து 37 ஆண்டுகள் கழித்து அந்தச் சந்நிதி அவருக்குத் திறந்தது. அப்போது அவருக்கு வயது 57. அவர்தம் பள்ளியில் முதலில் சேர்ந்த சிறுவர்களோ நாற்பதை நெருங்கியிருப்பர்.

1959 மே 1 அன்று சுவாமிகள் மறைந்தார். நந்தனார் பெயர் தாங்கிய பள்ளிகள் சிதம்பரத்தில் இன்று அரசுப் பள்ளிகளாக நடைபெறுகின்றன.