தியாகி வக்கம் அப்துல் காதர்

நம் சங்கம் பொன்விழாக் காணும் இவ்வேளையில், பிழைப்புக்காகக் கடல் கடந்து மலாயா வந்த முன்னோர்களை நினைத்துப் பார்க்கிறோம். அப்படி வந்த ஓர் இளைஞரின் வரலாற்றை நம் வீட்டுப் பிள்ளைகள் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

அவர் பெயர் அப்துல் காதர். திருவிதாங்கூரைச் சேர்ந்த வக்கம் என்னும் ஊரில் 1917 மே 25-ஆம் நாள் பிறந்தார். தாய்மொழி மலையாளம். பள்ளி நாட்களிலேயே திவான் சர் சி.பி. இராமசாமி ஐயரின் ஆட்சியை எதிர்த்த போராட்டங்களில் நின்றவர். 1938-இல், 21 வயதில், வேலை தேடி மலாயா வந்தார். பொதுப்பணித் துறையில் வேலை கிடைத்தது. நம் பாட்டனார்களைப் போலவே ஊருக்குப் பணம் அனுப்பி வாழ்ந்திருக்கலாம். ஆனால் போர் வந்தது.

1942-இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும், இந்திய சுதந்திர லீக் இங்கே வேரூன்றியது. பினாங்கில் வழக்கறிஞர் என். ராகவன் பொறுப்பில் சுயராஜ்ய பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. காதர் அதில் சேர்ந்தார். தகவல் திரட்டி அனுப்பும் இரகசியப் பணிக்கு அங்கே இளைஞர்கள் தயார் செய்யப்பட்டனர்.

1942 செப்டம்பரில் காதரும் தோழர்கள் நால்வரும் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் பினாங்கிலிருந்து புறப்பட்டனர். மாத இறுதியில் மலபார் கரையில் தானூர் அருகே இறங்கினர். இறங்கிய சிறிது நேரத்திலேயே பிடிபட்டனர். மாணவர்களை ஜப்பானியர் தம் விருப்பப்படி இந்தியாவுக்கு அனுப்பியதை ராகவன் எதிர்த்தார். நிலையத்தை மூடினார். அதற்காக வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே ஜப்பானியர்தான் நம் தோட்டத்து மக்களைச் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் சென்றார்கள். போனவர்களில் ஆயிரமாயிரம் பேர் திரும்பவில்லை. ஆகவே காதரின் தியாகத்தைப் போற்றும்போது ஜப்பானியரைப் போற்றுவதாகாது. அவர் உயிரை வைத்தது தாய்நாட்டின் விடுதலைக்கு.

நம் கரையும் இத்தகைய காட்சியைக் கண்டதுதான். 1943 மே மாதம், ஆயர் தாவாரிலிருந்து தொலைவில்லாத செகாரி கடற்கரையில் நேச நாட்டுப் படையினர் நீர்மூழ்கிக் கப்பலில் வந்து இரகசியமாக இறங்கினர். அதே படைப்பிரிவில் பின்னர் வந்த லிம் போ செங் ஜப்பானியரிடம் பிடிபட்டு, 1944 ஜூன் 29-இல் பத்து காஜா சிறையில் உயிர் நீத்தார். அவருக்குச் சிங்கப்பூரில் நினைவுச் சின்னம் உண்டு. எதிரெதிர் அணியில் நின்ற இருவரும் தம் மண்ணுக்காக என்று நம்பியே உயிரைக் கொடுத்தார்கள்.

காதர் சென்னைச் சிறையில் அடைக்கப்பட்டார். 1943 ஏப்ரலில் ஐவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் ஒருவர் தப்பினார். மற்ற நால்வரும் 1943 செப்டம்பர் 10-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டனர். அன்று ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமை. முந்தின இரவு காதர் தம் வாப்பாவுக்குக் கடிதம் எழுதி விடைபெற்றார். அப்போது அவருக்கு வயது 26.

அவருடன் மரணித்தவர்கள் கேரளத்து ஆனந்தன், வங்காளத்து சத்யேந்திர சந்திர பர்தன், பஞ்சாபைச் சேர்ந்த ஃபௌஜா சிங். ஓர் இந்துவுடன் சேர்த்துத் தம்மைத் தூக்கிலிட வேண்டும் என்பதே காதரின் கடைசி விருப்பம் என்று கேரளத்தில் சொல்லி வருகிறார்கள்.

கேரள மக்கள் அவரைத் தங்கள் பகத்சிங் என்கிறார்கள். இந்திய அரசு 1998-இல் அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. மலாயாவில் உழைத்து, பினாங்கில் பயிற்சி பெற்றுப் புறப்பட்டவரை இங்கே நம்மில் பலர் அறியாதிருப்பது முறையன்று. அடுத்த ரமலானில் நோன்பு திறக்கக் கூடும்போது, பெரியவர்கள் இவ்வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.

வல்ல இறைவன் அன்னாரின் மறுமை வாழ்வைச் சிறப்பாக்கி வைப்பானாக. ஆமீன்.